கட்டை விரலை உயர்த்தினால்...

எல்.டி.சி.யில் அந்தமான் போய் வந்த ஆசாமிகளைக் கண்டுபிடிப்பது சுலபம். திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு, கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் செல்போனைத் திறந்து உங்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். "பாருங்க ஸார், நம்ம பையன்!" பச்சைத் தண்ணீர், நாலு வரி போட்ட மீன்கள், நடுவில் கண்ணாடி மாட்டி வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு ஒரு பொடியன். கட்டை விரலை உயர்த்திக் காட்டுகிறான். "எவ்ளோ தைரியமா சூப்பர்ங்கறான் பாருங்க!"

ஒரு சின்னத் திருத்தம். ஸ்கூபா பாஷையில் கட்டை விரலை உயர்த்தினால், 'மேலே போகணும்' என்று அர்த்தம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். பையன் ஊர் பாஷையில் சொன்னானா, கடல் பாஷையில் சொன்னானா? அப்பாவுக்குத் தெரியாது. லைக் போட்ட நூற்றிச்சொச்சம் பேருக்கும் தெரியாது.

கல்யாணம் ஆகாத பிரம்மச்சாரிகள் 'இது நமக்கில்லை' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். லீவுக்கு அக்கா பையனை அழைத்துக்கொண்டு ஹேவ்லாக் தீவுக்கோ (2018-லிருந்து அதன் பெயர் ஸ்வராஜ் த்வீப்) பாண்டிச்சேரிக்கோ கிளம்பப் போவது நீங்கள்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பையன் மைனர் என்றால் ஃபாரத்தில் பெற்றவர்களோ சட்டப்படியான கார்டியனோதான் கையெழுத்துப் போட வேண்டும். தாய்மாமன் மடிக்கு மதிப்பெல்லாம் காதுகுத்தோடு சரி.

எத்தனை வயதில் கடலில் இறக்கலாம்? உலகம் பூராவும் கிளை பரப்பியிருக்கும் பி.ஏ.டி.ஐ. என்ற அமெரிக்கப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு இது. எட்டு வயதில், 2 மீட்டருக்கு மேல் ஆழம் போகாமல் குழாயில் மூச்சு விட்டுப் பார்க்கலாம். 10 வயதில் ஜூனியர் சர்டிஃபிகேட். ஆனால், 10, 11 வயசுக்காரர்கள் 12 மீட்டர் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கூடவே சர்டிஃபிகேட் பெற்ற அப்பாவோ அம்மாவோ, இல்லை ஒரு இன்ஸ்ட்ரக்டரோ இறங்க வேண்டும். 12-லிருந்து 14 வரை, சர்டிஃபிகேட் உள்ள யாராவது ஒரு பெரியவர் போதும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இங்கேதான் என் பி.காம். மூளை லேசாக அரிக்கிறது.

அப்பாவும் பையனும் ஒரே வாரத்தில், ஒரே வகுப்பில் சேருகிறார்கள் என்று வையுங்கள். நாலு நாள் பாடம். இரண்டு பேரும் 200 மீட்டர் நீந்தி, பத்து நிமிஷம் மிதந்து பாஸாகிவிடுகிறார்கள். அஞ்சாம் நாள் காலையில் அப்பா, பையனுக்கு மேற்பார்வையாளர்! பேப்பரில் எல்லாம் கனகச்சிதமாக டேலி ஆகிறது. ஆனால் அப்பாவின் மொத்த சர்வீஸ் நாலு நாள்.

ஸ்கூபாவில் சாதாரணமாக யாரும் தனியாக இறங்குவதில்லை. ஜோடி ஜோடியாகத்தான். அது டபுள் என்ட்ரி மாதிரி. என்னை நீ பார்த்துக்கொள், உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன். என் சிலிண்டரில் காற்று தீர்ந்தால் உன்னிடமிருக்கும் உபரிக் குழாயை எனக்குத் தருவாய். நான் மயங்கினால் என்னை மேலே இழுத்து வருவாய். எண்பது கிலோ அப்பாவை முப்பது கிலோ பையன் இழுத்து வருவானா? அதாவது, அந்த அப்பா உண்மையில் துணையே இல்லாமல் இறங்கியிருக்கிறார், கையில் ஒரு குழந்தையோடு. இருபது வருஷம் கடலில் ஊறிய ஆசாமியே அப்படி இறங்குவதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பார். புதுசாகப் பாஸான அப்பாக்களே, சர்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பிள்ளையோடு இறங்கும்போது மட்டும் மூன்றாவதாக ஒரு இன்ஸ்ட்ரக்டருக்குக் காசு கொடுங்கள்.

ஆழம் கம்மிதானே, என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? ராபர்ட் பாயில் என்பவர் 1662-ல் வெளியிட்ட விதியைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணி, பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். அழுத்தம் கூடினால் காற்று சுருங்கும். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அதை அடக்கிக்கொண்டு விர்ரென்று மேலே வந்தால் உள்ளே இருக்கிற காற்று இரண்டு மடங்காகப் பார்க்கும். நுரையீரல் பலூன் இல்லை, கிழியும். பத்து மீட்டர்கூடத் தேவையில்லை; நாலடி ஆழத்திலிருந்து அடக்கிய மூச்சோடு எழுந்தாலே போதும். நீச்சல் குளத்தில்கூட நடக்கலாம்.

அதனால்தான் ஸ்கூபாவின் முதல் பாடமே 'மூச்சை அடக்காதே'. நாமோ கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிடும்போதே 'மூச்சைப் பிடிச்சுக்கடா'தான் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறோம். பதினோரு வயசுப் பையனுக்குக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் எது ஞாபகம் வரும்? நேற்றைய வகுப்பா, பெரியப்பாவா? பயந்த குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாயும்.

தண்ணீருக்கடியில் பயம் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு 2018-ல் தாய்லாந்துக் குகையில் நடந்ததைச் சொல்கிறேன். 11-லிருந்து 16 வயசு வரை பன்னிரண்டு பையன்களும் அவர்களுடைய கோச்சும் ஜூன் 23-ம் தேதி மாட்டிக்கொண்டார்கள். வெளியே வர, வெள்ளம் நிரம்பிய சுரங்கங்கள் வழியாகத் தண்ணீருக்கடியிலேயே வர வேண்டும். குகை டைவிங்கில் உலகத்திலேயே கெட்டிக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே கூடியிருந்தார்கள். தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் சமன் குனான், அந்தப் பாதையில் சிலிண்டர் வைத்துவிட்டுத் திரும்பும்போது உயிரையே விட்டார். கடைசியில் அந்தக் கெட்டிக்காரர்கள் என்ன முடிவு செய்தார்கள் தெரியுமா? பையன்களுக்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, முழு முகமூடி மாட்டி, மூட்டை மாதிரி இழுத்து வந்தார்கள். விழித்திருந்து ஒரு பையன் பயந்து திமிறினால் அவனும் போவான், இழுத்து வருகிறவரும் போவார் என்பதுதான் காரணம். ரிச்சர்ட் ஹாரிஸ் என்ற ஆஸ்திரேலிய மயக்க மருந்து டாக்டர், தானே டைவ் அடித்து உள்ளே போய் ஊசி போட்டார். பதிமூன்று பேரும் பிழைத்தார்கள்.

ஹேவ்லாக் குகை இல்லைதான். இன்ஸ்ட்ரக்டர் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே கூட்டிப் போவார். நீச்சல் தெரியாதவர்களும் போகிறார்கள், சிரித்துக்கொண்டே திரும்புகிறார்கள். சரியான ஆள் கையில் பிடித்தால் ஸ்கூபா அற்புதமான விஷயம். பவளப் பாறையைப் பாடப் புத்தகத்தில் பார்த்தவனுக்கும் பக்கத்தில் போய்ப் பார்த்தவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த முக்கால் மணி நேரத்தில் அப்பாவுக்கு இருப்பது ஒரே வேலை. கையெழுத்து. அதைத்தான் சரியாகச் செய்ய மாட்டேன் என்கிறார்!

ஃபாரத்தில் கேட்பார்கள்: ஆஸ்துமா உண்டா? வலிப்பு? இதயக் கோளாறு? காதில் ஆபரேஷன்? 'ஆமாம்' என்று போட்டால் டாக்டர் சர்டிஃபிகேட் வேண்டும். படகு கிளம்பப் போகிறது. பணம் கட்டியாச்சு. அம்மா மெதுவாக, "சின்ன வயசுல வீஸிங் இருந்துதேங்க..." என்று ஆரம்பிக்கிறாள். "அதெல்லாம் எப்பவோ சரியாப் போச்சு. 'நோ' போடு!" ஆஸ்துமாவில் சுருங்கிய குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்றும், மேலே வரும்போது பெருகத்தான் செய்யும். பாயில் ஃபாரத்தைப் படித்துவிட்டு விதியைத் தளர்த்த மாட்டார்.

ஜலதோஷமும் அப்படித்தான். மூக்கைப் பிடித்து ஊதிக் காதின் அழுத்தத்தைச் சரி செய்ய வேண்டும். குழந்தைகளுக்குக் காதுக் குழாய் குறுகல், சளி இருந்தால் கேட்கவே வேண்டாம். மாத்திரை கொடுத்து இறக்கி, பாதியில் அதன் வேகம் இறங்கிவிட்டால் வலி மேலே வரும் வழியில் காத்திருக்கும்.

இன்னொரு சங்கதி. எத்தனை ஆழத்தில் எத்தனை நிமிஷம் இருக்கலாம் என்ற கணக்கை 1908-ல் வெளியிட்ட ஹால்டேன் என்ற விஞ்ஞானி, அதை முதலில் ஆடுகளை வைத்துப் பார்த்தார். நிஜமாகவே ஆடுகள்! அப்புறம் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமஸ்தான ஆட்களை வைத்துத் திருத்தினார்கள். ஐந்தாம் வகுப்பு 'பி' செக்ஷன் பையனை யாரும் சோதனைக்குள் கொண்டு வரவில்லை, கொண்டு வரவும் முடியாது. அதனால் பெரியவர்களுக்கு எழுதிய எல்லை வரை பிள்ளையை விடாதீர்கள். ஆழம் கம்மி, நேரம் கம்மி, 'குளிருது' என்றால் உடனே கிளம்பு.

டைவ் கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆக்ஸிஜன் படகிலேயே இருக்கிறதா? பையன் சைஸுக்கு ஜாக்கெட் இருக்கிறதா, இல்லை பெரியவர் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டுவீர்களா? ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பிள்ளைகள்? என் பையனுக்கு மட்டும் ஒருத்தர் வேண்டும். கத்திரிக்காயைக்கூட நாலு தடவை திருப்பிப் பார்த்து வாங்குகிற ஜனங்கள் நாம்! திரும்பும் விமான டிக்கெட்டையும் பாருங்கள். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் கணக்குப்படி, ஒரே ஒரு முறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரம், பல முறை இறங்கியவர் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும்.

ஸ்கூபாக்காரர்களிடம் எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. யாரும், எந்த நிமிஷத்திலும், 'நான் வரலை' என்று சொல்லலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த உரிமை சுலபத்தில் கிடைக்காது. அப்பா ஆயிரக்கணக்கில் கட்டியிருக்கிறார், பக்கத்து ஸீட் பெண் குதித்துவிட்டாள், செல்போன் தயாராக நீட்டப்பட்டிருக்கிறது. பத்து வயசுப் பையன் 'பயமா இருக்கு' என்று சொல்வானா?

அதனால் பணம் கட்டும்போதே கவுன்ட்டரில் ஒரு கேள்வி கேளுங்கள். "படகுல போய் எம் பையன் வேண்டாம்னுட்டா பணத்தைத் திருப்பித் தருவீங்களா?" பையன் காதில் விழுகிற மாதிரிக் கேளுங்கள். "தர மாட்டோம் ஸார்" என்று சொன்னால், "பரவால்லை" என்று சொல்லிவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். அதையும் பையன் காதில் விழுகிற மாதிரி.