மோதல் சோதனை காணாத இருக்கை

2023 ஆகஸ்ட் 22 அன்று பாரத் என்கேப் எனும் வாகன மோதல் மதிப்பீட்டுத் திட்டம் அறிமுகமானது. மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 25 அன்று, வயநாட்டின் மானந்தவாடிக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ஜீப் பள்ளத்தில் விழுந்தது. ஓட்டுநரோடு அதில் 14 பேர் இருந்தனர். ஒன்பது பெண்கள் மாண்டனர். இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால், இந்திய மோதல் ஆய்வு யாரைக் காணத் தவறுகிறது என்பது புலனாகும்.

அத்திட்டத்தில் கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முகப்பின் ஒரு பகுதி மட்டும் படுமாறு, நசுங்கும் தடுப்பின்மேல் மோதவிடப்படுகிறது. பக்கவாட்டு மோதலும் கம்பத்தில் மோதும் சோதனையும் உண்டு. முன்னிருக்கைப் பொம்மை ஏறத்தாழ 78 கிலோ எடையுள்ள சராசரி ஆணின் அளவுடையது. இருக்கை வார் அணிந்து முன்னோக்கி அமர்ந்திருப்பது. சமவெளி நெடுஞ்சாலையில் செல்லும் காருக்கு இச்சோதனை பெரிதும் பயன்படும். அதன் மதிப்பை யாரும் மறுப்பதற்கில்லை.

ஆனால் பீர்மேட்டின் விபத்து வேறு வகையினது. 2022 டிசம்பரில் குமுளி மலைப்பாதையில் சபரிமலையிலிருந்து திரும்பிய தேனி மாவட்டத்தார் எண்மர் உயிரிழந்தனர். 2025 ஜனவரி 6 அன்று குட்டிக்கானத்துக்குக் கீழே புல்லுப்பாறையில் கேரள அரசுப் பேருந்து விழுந்து நால்வர் இறந்தனர். வயநாட்டைப் போலவே இரண்டிலும் வாகனம் சாலையை விட்டு விலகிப் பள்ளத்தில் வீழ்ந்தது. 2023இன் சோதனை முறையில் வாகனத்தைக் கவிழ்த்துப் பார்க்கும் சோதனையே இல்லை.

கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்கு அன்றாடம் ஜீப்பில் செல்லும் பெண்கள், பின்புறப் பலகை இருக்கைகளில் எதிரெதிரே அமர்கின்றனர். அங்கே வாரும் இல்லை, தலைதாங்கியும் இல்லை. மேலே கித்தான் அல்லது மெல்லிய தகடு. வண்டி உருளும்போது உடலைப் பற்றி நிறுத்த எதுவுமில்லை. ஒருவர்மேல் ஒருவர் மோதுகின்றனர் அல்லது வெளியே வீசப்படுகின்றனர். இந்த இருக்கையில் எந்தப் பொம்மையும் அமர்த்தப்பட்டதில்லை.

அளவுக்கு மீறி ஆளேற்றுவது காவல்துறையின் சிக்கல், ஆய்வகத்தினது அன்று என்பர் சிலர். அதில் பாதி உண்மை. ஏறுவோரின் எண்ணிக்கையைக் காவல்துறை குறைக்கலாம். எஞ்சியோரின் இருக்கையையும் தலைக்கு மேலுள்ள கூரையையும் உறுதியாக்குவது பொறியியலின் கடமை.

அதற்கான அறிவு புதிதன்று. அமெரிக்க விதிப்படி இலகு வாகனத்தின் கூரை அவ்வாகனத்தின் எடையைப்போல் மூன்று மடங்கு விசையைத் தாங்கவேண்டும். ஐ.நா.வின் 66ஆம் ஒழுங்குவிதி, 800 மில்லிமீட்டர் ஆழத்தில் பேருந்தைக் கவிழ்த்து, உள்ளிருப்போர்க்கு உயிர்பிழைக்க இடம் எஞ்சுகிறதா எனக் காண்கிறது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆய்வு மையம் இயங்குகிறது. தோட்ட ஜீப் ஒன்றை அங்கே கவிழ்த்து, அதன் பின்பலகையில் பெண்ணுடல் அளவிலான பொம்மைகளை அமர்த்தி, பெறும் அளவீடுகளைப் பொதுவில் வைக்க வேண்டும். முன்னோக்கிய இருக்கை, வார், உறுதியான கூரைச்சட்டம் ஆகியவற்றைப் பழைய வண்டிகளிலும் கட்டாயமாக்குவதற்கான ஆதாரம் அதிலிருந்தே கிடைக்கும்.

எந்த விபத்தைச் சோதிப்பது என்று தேர்வதிலேயே எந்த உயிரைக் காப்பது என்ற தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. இதுவரை அத்தேர்வு கார் வாங்குவோரை முன்னிறுத்தியே நிகழ்ந்துள்ளது. விலைகொடுத்து வாங்காமல், கூலிக்காக ஏறிச் செல்வோரும் பயணிகளே.