சோயா விதைப் புரதத்தை மாற்றுவது பற்றி எங்கள் நிலைப்பாடு

செக்காலை, காரைக்குடி

சோயாவில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதம். அதே விதையில் இருக்கும் குனிட்ஸ் டிரிப்சின் தடுப்பான் என்ற புரதமோ, நம் குடலில் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியை வேலை செய்யவிடாது. இந்தூரிலுள்ள தேசிய சோயாபீன் ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தடுப்பான் இல்லாத என்.ஆர்.சி. 127 ரகத்தை உருவாக்கியது. அடுத்து வந்த என்.ஆர்.சி. 142 ரகத்தில், பச்சை வாடைக்குக் காரணமான லிபாக்சிஜனேஸ்-2 நொதியும் கிடையாது. இந்த ரகங்களை எங்கள் நுகர்வோர் அமைப்பு முழுமனதோடு ஆதரிக்கிறது.

இவை வேற்றுயிரின் மரபணுவைப் புகுத்தி உண்டானவை அல்ல. சோயாவோடு சோயாவைக் கலப்பு செய்து தேர்ந்தெடுத்தவை. இந்த வேறுபாடு எங்களுக்கு முக்கியம். மெத்தியோனின் சத்தைக் கூட்டுவதற்காக பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் சேர்த்தபோது, அந்தக் கொட்டையின் ஒவ்வாமையும் கூடவே வந்ததை 1996-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தச் சோயா சந்தைக்கே வரவில்லை.

மீல்மேக்கர் வாங்குவோருக்குப் புதிய ரகத்தால் பெரிய மாற்றம் இராது. ஆலையில் படும் சூட்டிலேயே தடுப்பானில் பெரும்பகுதி அழிந்துவிடும். பலன் அடையப்போவது, கோதுமையோடும் சத்துமாவோடும் சோயாவைச் சேர்த்து மாவு மில்லில் அரைத்து வரும் குடும்பங்கள்தான். வறுப்பது கொஞ்சம் குறைந்துபோனால்கூடக் குழந்தையின் வயிற்றுக்குப் போகும் தடுப்பான் குறையும்.

ஆனால் புதிய விதையையும் பழைய விதையையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. மண்டியில் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டால் ஆராய்ச்சியாளர்களின் உழைப்பு அத்தனையும் அங்கேயே வீணாகும். எனவே தனிக் கொள்முதல், தனி மூட்டை, பாக்கெட்டில் ரகத்தின் பெயர் ஆகியவற்றை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்று கோருகிறோம்.

‘வேகவைக்காமலே சாப்பிடலாம்’ என்று யாரும் விளம்பரம் செய்யக் கூடாது. பௌமன்-பிர்க் என்ற இன்னொரு தடுப்பானும் லெக்டினும் இந்த விதையில் இருக்கவே செய்கின்றன. சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் சோயாதான். பாக்கெட்டிலுள்ள ஒவ்வாமை எச்சரிக்கை அப்படியே தொடர வேண்டும்.

சிவகங்கைச் சீமையின் மானாவாரி நிலத்தில் உளுந்தை எடுத்துவிட்டுச் சோயா போடும்படி உழவர்களைத் தூண்டுவதை நாங்கள் ஏற்கவில்லை. பக்கத்திலுள்ள வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் தந்த உளுந்து ரகங்கள் இந்த மண்ணுக்குப் பழகியவை. சோயாவை இங்கே பயிரிடச் சொல்வதானால், முதலில் நம் மண்ணிலேயே பல பருவம் சோதித்து, விளைச்சலையும் செலவையும் உழவர்கள் முன் வைக்கட்டும்.