"பால் பல்தானே!" என்போருக்கு



சென்ற மாதம் கோவைப் பக்கம் ஓர் ஆலையின் லைன் வீடுகளுக்குச் சந்தா வசூலிக்கப் போயிருந்தேன். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று கன்னம் வீங்கித் தாயின் தோளில் முனகிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கரித்துண்டுகளாக நின்றன. மூன்று இரவாகத் தூக்கமில்லை. சோறு இறங்கவில்லை.

தாய்க்கு ஸ்பின்னிங்கில் இரவு ஷிப்டு. குழந்தை பாட்டியிடம். பாட்டியோ பகலெல்லாம் களை வெட்டிவிட்டு வந்தவள். சர்க்கரை கரைத்த பால் புட்டியை வாயில் வைத்தால்தான் குழந்தை அழாமல் உறங்கும். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, பெற்றால் போதுமா? பல் விளக்கிவிடத் தெரியாதா?"

தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எவ்வளவு சுலபம்! நள்ளிரவில் அவள் கதிர்களுக்கு முன்னால் நின்று அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தாளே, அப்போது அந்தப் புட்டியைப் பிடுங்க யார் இருந்தார்கள்? ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ம் ஆண்டிலேயே சட்டத்தில் எழுதினார்கள். இரவு ஷிப்டில் எத்தனை ஆலைகளில் அதன் கதவு திறந்திருக்கிறது?

பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. பகலில் உமிழ்நீர் ஓரளவு கழுவிவிடும். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைவு. எனவேதான் இராப் புட்டி இத்தனை கொடியது. மிட்டாயும் அப்படித்தான். ஒரேயடியாகத் தின்பதைவிட, நாள் முழுக்க அடிக்கடி சப்புவது அதிகக் கேடு. சம்பள நாளில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வீடு திரும்பியவர்களில் நானும் ஒருவன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

"பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று நம்மவர்களே சொல்கிறார்கள். தவறு! பின்பக்கத்துப் பால் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியவை. அவற்றின் அடியில்தான் நிரந்தரப் பல்லின் முளை இருக்கிறது. மேலே சீழ் பிடித்தால் கீழே உள்ளதும் கெடலாம். மெல்ல முடியாத குழந்தை மெலிகிறது.

இது நம் லைன் வீட்டுச் சங்கதி மட்டுமல்ல. பால் பற்கள் சொத்தையான குழந்தைகள் உலகில் 51 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கணக்குச் சொன்னது.

சர்க்கரை முதலாளிகளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். பல்லைக் கெடுப்பது சர்க்கரை என்பதை அமெரிக்கச் சர்க்கரைத் தொழில் 1950-லேயே அறிந்திருந்தது. இருந்தும், சர்க்கரையைக் குறைப்பது என்ற பேச்சே எழாதபடி, சொத்தைக்குத் தடுப்பூசி, படலத்தைக் கரைக்கும் மருந்து என்று ஆராய்ச்சியைத் திசைதிருப்பப் பணம் கொட்டியது. 1971-ல் அந்நாட்டுச் சர்க்கார் வெளியிட்ட பல் ஆராய்ச்சித் திட்டத்தில் அவர்கள் எழுதிக்கொடுத்ததே பெரும்பகுதி புகுந்தது. அவர்களுடைய சொந்தக் கடிதங்களையும் குறிப்புகளையும் தோண்டியெடுத்து, ஆய்வாளர்கள் 2015-ல் இதை அம்பலப்படுத்தினார்கள்.

நமது நாட்டில் நடந்ததையும் பாருங்கள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சர்க்கரைக்கு வரி 5 சதவீதம். பற்பசைக்கு 18 சதவீதம்! எட்டு வருஷம் கழித்து, 2025 செப்டம்பரில்தான் பற்பசைக்கும் 5 ஆக்கினார்கள். அதே கையோடு சாக்லேட்டுக்கும் 5 ஆக்கிவிட்டார்கள்!

மருந்து இல்லாமலும் இல்லை. சில்வர் டையமைன் புளோரைடு என்ற திரவம் இருக்கிறது. ஊசி வேண்டாம், துளைக்கும் யந்திரம் வேண்டாம். சிறு தூரிகையால் ஒரு சொட்டைச் சொத்தையில் தடவினால் பெரும்பாலும் அரிப்பு அதோடு நிற்கும். மறுபடியும் தடவ வேண்டிவரலாம். அந்த இடம் கறுத்துப்போகும், அவ்வளவே. இதையும் புளோரைடு பற்பசையையும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது உண்டா என்று போய்க் கேளுங்கள்!

சீழ் பிடித்த பிறகு இந்த மருந்து பயன்படாது. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் கண்டால் புகையிலையும் கிராம்புத் தைலமும் வைத்து நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். புட்டியில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வைத்துத் தூங்க விடாதீர்கள். முதல் பல் முளைத்ததிலிருந்து அரிசி மணியளவு பற்பசை, இரண்டு வேளை. மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு.

அந்தப் பெண் குழந்தையின் நான்கு பற்களையும் பிடுங்கிவிட்டார்கள். அவளுக்கு ஒன்றரை வயதில் தம்பி இருக்கிறான். அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தோம். மேல் பற்களில், ஈற்றோரம், சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைக் கோடு. சொத்தையின் முதல் அடையாளம் அதுதான், இன்னும் காப்பாற்றலாம். வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லைன் வீட்டுப் பெண்கள் நாற்பது பேர் சுகாதார நிலையத்துக்கு மனுவோடு போகிறார்கள். அந்தத் தாய் ஷிப்டு முடிந்து நேரே அங்கே வருகிறாள். பையனைப் பாட்டி தூக்கி வருவாள்.