தில்லியில் கேட்ட கதைக்கு ஸனது உண்டா?



விடுமுறை வந்துவிட்டால் நம் ஜமாஅத்துகளிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தில்லிக்குப் புறப்படுவோர் பலர். குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, செங்கோட்டை, ஜாமிஆ மஸ்ஜித் என்று வரிசையிட்டு, ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, 600 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாற்றை ஒரே பகலில் பார்த்து முடித்துவிடுகிறோம். பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. ஆகவே பயணம் நல்லதே. அந்தப் பயணத்தில் நம் செவியில் விழும் கதைகள் எத்தகையவை என்பதே நம் கேள்வி.

ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை ஏற்குமுன் அறிவிப்பாளர் வரிசையைக் கேட்கிறோம். கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையிலேயே இடம்பெற்றுள்ளது. மார்க்கச் செய்தியில் இத்தனை கவனமாக இருக்கும் நாம், நம் முன்னோரின் வரலாற்றை மட்டும் ஸனது கேளாமல் ஏற்பது முறையாகுமா?

குதுப் வளாகத்தையே எடுத்துக்கொள்வோம். மினாரைத் தொடங்கியவர் குத்புத்தீன் ஐபக். தொடர்ந்து உயர்த்தியவர் இல்துத்மிஷ். 1368இல் மின்னல் தாக்கிச் சேதமுற்றபோது ஃபிரோஸ் ஷா துக்ளக் செப்பனிட்டு ஐந்து நிலைகளாக்கினார். அப்பணியில் ஈடுபட்ட இந்துக் கைவினைஞர்களின் பெயர்கள் நாகரி எழுத்தில் அக்கற்களிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. அருகிலுள்ள குவ்வதுல் இஸ்லாம் பள்ளிவாசலின் கிழக்கு வாயிலில், 27 கோயில்களின் கட்டுமானப் பொருள்கள் பயன்படுத்தப்பட்டதாகப் பாரசீகக் கல்வெட்டு கூறுகிறது.

சில வழிகாட்டிகள் நம்மை மகிழ்விக்க இரண்டாவதை மறைப்பர். வேறு சிலர் முதலாவதை மறைத்து, இரண்டாவதை மட்டுமே உரத்துச் சொல்வர். இரண்டுமே கல்லில் உள்ளவை. இரண்டையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். நமக்கே எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. மன்னர்கள் செய்தவை அனைத்தும் மார்க்கமாகிவிடா. அவற்றை நியாயப்படுத்துவதும் நம் கடமையன்று. அதேபோல், அவர்களின் செயலுக்காக இன்றைய முஸ்லிமைக் கூண்டில் ஏற்றுவதும் நீதியன்று. உண்மையை முழுமையாக அறிந்தவரே இவ்விரண்டையும் நிதானத்துடன் சொல்ல முடியும்.

அதே வளாகத்தில் பெரும்பாலோர் திரும்பிப் பாராமல் கடந்து செல்லும் கற்குவியல் ஒன்று உண்டு. குதுப் மினாரைப்போல் இருமடங்கு உயரத்தில் எழுப்ப எண்ணி அலாவுத்தீன் கில்ஜி தொடங்கிய அலாய் மினார் அது. 1316இல் அவர் மறைந்ததும் முதல் நிலையோடு பணி நின்றுபோனது. பெருமையின் முடிவுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

தெற்குத் தில்லியின் ஹவ்ஸ் காஸ் இன்று உணவகங்களுக்கும் கடைவீதிக்கும் பெயர்பெற்ற இடம். அலாவுத்தீன் கில்ஜி வெட்டிய ஏரியைத் தூர்வாரி, அதன் கரையில் 1352இல் ஃபிரோஸ் ஷா எழுப்பிய மதரஸா அங்கே நிற்கிறது. அதன் இரு சிறகுகளும் சந்திக்கும் மூலையில் அவரே அடங்கியிருக்கிறார். ஓர் அரசர் கல்விக்கூடத்தின் மூலையைத் தம் இறுதி இடமாகத் தேர்ந்தார் என்ற செய்தி, அரண்மனைகளின் ஆடம்பரத்தைவிட நம் பிள்ளைகளின் உள்ளத்தில் ஆழமாகப் பதியக்கூடியது. ஆயினும் நம் பயணத் திட்டங்களில் அதற்கு அரைமணி நேரமும் ஒதுக்கப்படுவதில்லை.

தில்லியை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரி இப்னு பதூதா. முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் அங்கே காழியாகப் பணியாற்றியவர் அவர். சுல்தானின் அள்ளிக்கொடுக்கும் கரத்தையும், இரத்தம் சிந்தும் கொடுமையையும் ஒருசேரப் பதிவு செய்தார். உண்ட சோற்றுக்காக உண்மையை அவர் மறைக்கவில்லை.

ஆகவே, தில்லி செல்வோர் சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்துங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு கதைக்கும், “இது எங்கே எழுதப்பட்டுள்ளது?” என்று பணிவுடன் கேளுங்கள். சான்று இல்லாததை வீடு திரும்பிப் பரப்பாதீர்கள். இடங்களைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். மினாரில் செதுக்கப்பட்ட இறைவசனங்களை வாசிக்க வல்லவர்கள் நம் மதரஸா மாணவர்கள். அவர்களுக்கு வரலாறும் பாரசீகமும் கற்பித்தால், நாளை அவர்களே நேர்மையான வழிகாட்டிகளாகலாம். ஹலாலான வாழ்வாதாரமும் உண்மைக்கான சாட்சியும் ஒரே பணியில் அமையும், இன்ஷா அல்லாஹ்.

உண்மையை உண்மையாகக் காணும் பார்வையை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.