பேர் யார் கையில்?

தோட்டத்தில் "பேர்" என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. கேட்ட கிலோ கொழுந்தை எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். பேர் விழுந்தால்தான் சம்பளம். அந்தப் பேரை எழுதும் புத்தகம் ஒருநாளும் நம் கையில் இருந்ததில்லை. அது செக்ரோல் என்ற பெயரில் தோட்டத்து ஆபீஸில் இருக்கிறது. மடுவத்தில் எத்தனை கிலோ நிறுத்தார்கள், புத்தகத்தில் எத்தனை கிலோ எழுதினார்கள் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை.

இப்போது நம்முடைய பேரை எழுதும் இன்னொரு புத்தகமும் வந்திருக்கிறது. அது கடதாசிப் புத்தகம் அல்ல. நம் லயங்களுக்கு வரும் தொண்டு நிறுவனத்தாரின் டெப்பிலும் கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. வருகிறவர்கள் நல்ல பிள்ளைகள், அன்பாகத்தான் பேசுகிறார்கள். வாசலில் உட்கார்ந்து அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்கிறார்கள். வீட்டில் எத்தனை பேர், என்ன வருமானம், யாரிடம் எவ்வளவு கடன், வீட்டுக்காரர் குடிப்பாரா, அடிப்பாரா என்றும் கேட்கிறார்கள். ஒரு படம் எடுக்கிறார்கள். கண்ணாடியில் விரலால் ஒரு கையெழுத்து வாங்குகிறார்கள். பிறகு போய்விடுகிறார்கள்.

எமது கிளைத் தலைவிகளின் கூட்டமொன்றில் ஒரு அக்கா சொன்னார்: "எங்கள் லயத்துக்கு ஒரே வருடத்தில் நாலு நிறுவனம் வந்தது. நாலு பேரும் கக்கூஸ் எத்தனை என்று கேட்டார்கள். நாலு தரமும் ரெண்டு என்று சொன்னோம். இன்றைக்கும் ரெண்டுதான்." கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

தொண்டு நிறுவனங்கள் டிஜிட்டல் முறைக்கு மாறுவதை நாம் எதிர்க்கவில்லை. முன்பு ஒரு தோட்டத்துக் கணக்கெடுப்பு கடதாசியில் எழுதப்பட்டு, கொழும்புக்குப் போய், கணினியில் ஏற்றப்பட்டு முடிய மாதக்கணக்காகும். இன்று மலையில் எழுதியது அன்று மாலையே தலைமை அலுவலகத்தில் தெரிகிறது. எந்த டிவிசனில் பிள்ளைகள் எடை குறைந்திருக்கிறார்கள், எந்த லயத்துக்குத் தண்ணீர் வருவதில்லை என்பதை வரைபடத்தில் காட்டலாம். அந்த வரைபடத்தோடு போய்ப் பேசும்போது அதிகாரிகளால் இலகுவில் தட்டிக்கழிக்க முடியாது. நமது கோரிக்கைகளுக்கும் அது பலம்தான்.

ஆனால் அதன் குறையையும் கண்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது பல இடங்களில் மின்சாரமும் போனது, சிக்னலும் போனது. அந்த நாட்களில் எந்தச் செயலியும் உதவவில்லை. யார் வீட்டில் யார் இருந்தார்கள், யார் பாடசாலைக்கு ஏறிப் போனார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் தலைவர்மாரும் தலைவிமாரும் பிள்ளை மடுவத்து அம்மாக்களும்தான். பாதை திறந்த பிறகு பட்டியல்கள் வந்தன. ஒரே குடும்பம் மூன்று நிறுவனங்களின் பட்டியலில் இருந்தது. போன் இல்லாத, மேல் லயத்தில் தனியாக இருந்த கிழவி ஒருவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியல்கள் ஒன்றோடொன்று பேசவில்லை. அவற்றைச் சரிபார்க்க நம்மையும் யாரும் கூப்பிடவில்லை.

இதைப் பெரிய விடயமாக எடுப்பதற்கு நம்மிடம் காரணம் உண்டு. நம்முடைய வரலாறே ஏடுகளில் எழுதப்பட்ட, எழுதப்படாத பெயர்களின் வரலாறு. ஒரு காலத்தில் துண்டு முறை இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக, அவருடைய கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். நம்மைப் பற்றிய விபரம் அதில் இருந்தது, ஆனால் அது இன்னொருவர் பிடியில் இருந்தது. அந்தத் துண்டே நம்மைக் கட்டிய கயிறு. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. பிறகு 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கே பிறந்தார், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்பதற்குச் சான்று கேட்டார்கள். நம் பெரியவர்களின் கையில் கடதாசி இல்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானோம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்தக் கணக்கு முற்றாகத் தீரவில்லை. பெயர் ஏட்டில் இருந்ததாலும் பட்டோம், இல்லாததாலும் பட்டோம். இரண்டு தடவையும் ஏடு நம்மிடம் இல்லை.

உலகில் நடந்ததையும் பார்ப்போம். மியன்மாரிலிருந்து துரத்தப்பட்ட ரொஹிங்யா மக்களை ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவரகம் பங்களாதேஷ் முகாம்களில் பதிவு செய்தது. படமும் கைரேகையும் எடுக்கப்பட்டன. அந்த விபரங்கள் பங்களாதேஷ் அரசின் வழியாக, அவர்களைத் துரத்திய மியன்மார் அரசிடமே போய்ச் சேர்ந்ததை 2021இல் ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் அமைப்பு வெளிக்கொணர்ந்தது. சம்மதம் கேட்டே செய்ததாக முகவரகம் சொன்னது. அமைப்பு பேசிய அகதிகளில் பெரும்பாலானோர், தங்களுக்கு அப்படி எதுவும் விளக்கப்படவில்லை என்றார்கள். உதவி அட்டைக்காக என்று நினைத்தே அவர்கள் விரலை வைத்தார்கள்.

2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் தரவுகள் திருட்டுத்தனமாகத் திறக்கப்பட்டன. போரிலும் அனர்த்தத்திலும் காணாமற்போனோர், குடும்பத்தைப் பிரிந்தோர், தடுப்பில் இருப்போர் என 515,000க்கும் மேற்பட்டோரின் விபரங்கள் அதில் இருந்தன. இத்தனை அனுபவமுள்ள அமைப்புக்கே இந்தக் கதி. ஒன்றைப் பாராட்ட வேண்டும்: நடந்ததை அவர்கள் மறைக்கவில்லை, வெளிப்படையாக அறிவித்தார்கள். ஒக்ஸ்பாம் நிறுவனமோ 2015இலேயே, கைரேகை போன்ற உடல் அடையாளங்களை எடுப்பதைத் தாமாகவே நிறுத்திவைத்தது. ஆபத்தை அறியும்வரை வேண்டாம் என்றது. ஆகவே ஒரு தொண்டு நிறுவனம் நினைத்தால் பொறுப்போடு நடக்கலாம்.

நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம்மைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், பிழையைத் திருத்தச் சொல்லவும், அழிக்கச் சொல்லவும் அதில் உரிமைகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. சட்டம் முழுதாக வரும்வரை நாம் வாய் மூடி இருக்க வேண்டியதில்லை. டெப்போடு வாசலுக்கு வருகிறவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்போம்.

முதலாவது, எந்த நிறுவனம், எதற்காக இந்த விபரம்?

இரண்டாவது, இதை யார் யார் பார்ப்பார்கள்? தோட்ட நிர்வாகத்துக்கோ கடன் கொடுக்கும் கம்பனிக்கோ போகுமா?

மூன்றாவது, பதில் சொல்லாவிட்டால் எனக்கு வரும் உதவி நின்றுவிடுமா?

நான்காவது, கணக்கெடுப்பின் முடிவை எப்போது தமிழில் எங்களிடம் கொண்டுவந்து சொல்வீர்கள்?

நேர்மையான நிறுவனம் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. கோபப்பட்டால், "பிறகு வாருங்கள், தலைவியையும் வைத்துக்கொண்டு பேசுவோம்" என்று சொல்லுங்கள். வீட்டுச் சண்டை, கடன், நோய் பற்றிய கேள்விகளைப் பக்கத்து வீட்டார் காதில் விழும்படி கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நம் வீட்டை மறைக்கக் கூடாது. தொழிற்சங்கமும் இலாபம் தேடாத அமைப்புத்தான். நாமும் டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். அதில் நாமே ஒரு பிழை விட்டோம். ஒரு பெண் அங்கத்தவர், மலையில் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்ட ஒருவரைப் பற்றி எழுதித் தந்த முறைப்பாட்டை, நம் கிளை ஒன்று படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டது. மாவட்டக் காரியாலயத்துக்கு அவசரமாக அனுப்ப வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். அன்று பொழுது சாயுமுன் அது தோட்டத்து ஆபீஸ் வரை போய்விட்டது. மறுநாள் பிரட்டில் அந்த அக்காவைத் தூரத்து மலைக்குப் போடச் சொன்னார்கள். முறைப்பாட்டைப் பிறகு பேசித் தீர்த்தோம். அவரிடம் மன்னிப்பும் கேட்டோம். ஆனால் அவர் அந்த ஒரு கிழமை பட்ட வெட்கத்தை நாம் திருப்பி எடுக்க முடியாது. இன்னும் சில அக்காமார் அதற்குப் பிறகு வாய் திறக்கவே பயந்தார்கள். அதுதான் பெரிய நட்டம்.

ஆகவே சங்கத்துக்குள் சில விடயங்களைக் கட்டாயமாக்குகிறோம். ஆளின் பெயருள்ள எந்த முறைப்பாடும் குழுவில் போடப்படக் கூடாது. அதைப் பொறுப்பான ஒருவருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். அங்கத்தவர் பட்டியல் ஒருவருடைய சொந்தப் போனில் மட்டும் கிடக்கக் கூடாது. அவர் சங்கம் மாறினால் பட்டியலும் மாறிப்போகும். காரியாலயத்தில் ஒரு பிரதி பூட்டி வைக்கப்படும். கூட்ட அறிவித்தல் போனில் வந்தாலும் பிரட்டுக்களத்திலும் வாயால் சொல்லப்படும். பல வீடுகளில் ஒரு போன்தான் இருக்கிறது. அது மகன் கையிலோ வீட்டுக்காரர் கையிலோ இருக்கிறது. கொழுந்து எடுப்பவர்களோ பெண்கள். போனை மட்டும் நம்பிய சங்கம், சந்தா கட்டும் பெண்களை விட்டுவிட்டு ஆண்களோடு மட்டும் பேசுகிற சங்கமாகிவிடும். ரீலோட் போட வசதியில்லாதவரும் முழு அங்கத்தவர்தான்.

அதே போனை நம் பக்கத்துக்கும் திருப்புவோம். மாதாமாதம் சம்பளத் துண்டைப் படமெடுத்து வையுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 சதவீதமும் தோட்டத்திடம் 12 சதவீதமும், நம்பிக்கை நிதியத்துக்குத் தோட்டத்திடம் 3 சதவீதமும் போக வேண்டும். அது ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கும் நாளில் அந்தப் படங்கள்தான் சாட்சி. ஒவ்வொரு நிறுவையிலும் எத்தனை கிலோ என்று பிள்ளையிடம் சொல்லி, போனிலோ கொப்பியிலோ குறித்து வையுங்கள். மாத முடிவில் செக்ரோலோடு ஒப்பிட்டால், மறந்துபோய்ச் சண்டை போட வேண்டியதில்லை.

1920களில் கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தினார். அன்று அச்சுக்கூடம்தான் புதிய கருவி. ஆனால் பத்திரிகையை அச்சடித்துவிட்டு அவர் நகரத்தில் இருந்துவிடவில்லை. அவரும் மீனாட்சியம்மாளும் தோட்டம் தோட்டமாக வந்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக மீனாட்சியம்மாள் பாடினார். கருவியும் ஆளும் சேர்ந்துதான் சங்கம் வளர்ந்தது.

அடுத்த கிளைக் கூட்டத்தில் மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் வாசித்து, படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி தலைவர்மாரும் தலைவிமாரும் சொல்லிக்கொடுக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் எந்த நிறுவனம், எப்போது, என்ன விபரம் எடுத்தது என்று ஒரு கொப்பியில் எழுதிக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அந்த நிறுவனங்களைத் தேடிப் போய், முடிவை மக்களிடம் கொண்டுவந்து சொல்லும்படி கேட்பது எமது பொறுப்பு. நம் பெயரை எழுதிக்கொண்டு போனவர்கள் நமக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.