ஈக்வலைசரை ஏத்தாதீங்கய்யா!

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு பதிவர் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். எழுதினது போதாதுன்னு பதிவுகளை வாயாலயும் படிச்சு ஏத்த ஆரம்பிச்சிருக்கார் மனுஷன். "தல, குரல் ரேடியோல வர்ற மாதிரி கணீர்னு வரணும். ஈக்வலைசர்ல என்ன செட்டிங் வெச்சிருக்கே? ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பு."

ரெண்டு மாசத்துல இதைக் கேட்ட நாலாவது ஆள் இவர். நாலு பேர்கிட்டயும் தனித்தனியா கத்தி என் தொண்டைதான் போச்சு. அதான் இந்தப் பதிவு. காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்தச் சாமானோட பேரைப் பாருங்க. ஈக்வலைசர். சமப்படுத்துவது. பழைய டெலிபோன் கம்பிகள்ல தூரம் போகப் போக உயர் அதிர்வெண்கள் தேய்ஞ்சு போகும். தேய்ஞ்சதை ஈடுகட்டி மறுபடி சமமாக்கத்தான் இந்த சர்க்யூட்டே. அதாவது எங்கேயோ கெட்டுப் போனதைச் சரிக்கட்டுற வேலை. நம்மாளுங்க கையில அது அஞ்சறைப் பெட்டி ஆயிடுச்சு. பாஸ் ஒரு ஸ்பூன், ட்ரெபிள் ரெண்டு ஸ்பூன், 'ராக்' ஒரு சிட்டிகை.

டேப் ரெக்கார்டர் காலத்துலேர்ந்தே நமக்கு ஒரு வியாதி. ரெண்டு ஓரத்தையும் ஏத்தி, நடுவை இறக்கி, ஸ்லைடர்களைச் சிரிக்கிற வாய் மாதிரி வெக்கிறது. கேக்க ஜோரா இருக்கும், இல்லேன்னு சொல்லல. அது ஏன் ஜோரா இருக்குன்னு 1933-லேயே பெல் ஆய்வகத்துல ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வெச்சுட்டாங்க. சத்தம் கம்மியா இருக்கும்போது நம்ம காது அடிநாதத்தை சரியா வாங்காது. அதனால மெல்லிசா வெச்சுக் கேக்கறவன் பாஸைத் தூக்கறான். அதே ஆடியோவை இன்னொருத்தர் சத்தமா வெச்சுக் கேட்டா, ஷேர் ஆட்டோ ஸ்பீக்கர் மாதிரி தொம் தொம்முனு வருது. தப்பு காதுலயும் இல்ல, குரல்லயும் இல்ல. எந்த அளவு சத்தத்துல உக்காந்து திருகினீங்கங்கறதுல இருக்கு.

அதைவிடக் கொடுமை, பேச்சுக்கு வேண்டிய சரக்கெல்லாம் நீங்க இறக்கின அந்த நடுவுலதான் இருக்கு. ழ, ள, ல மூணையும் காது பிரிச்சுப் பாக்கறது பெரும்பாலும் 1,500-லேர்ந்து 3,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்துல. அதைப் பள்ளமாக்கிட்டு, "தமிழை எல்லாரும் தமில்ங்கறாங்க"ன்னு நீங்களே பதிவு போடுவீங்க. நல்லா இருக்குய்யா நியாயம் :)

சரி, கணக்குக்கு வருவோம். (இஞ்சினியரிங் படிச்சதுக்கு இங்கயாவது உபயோகப்படட்டும்.) ஸ்லைடர்ல 12 டெசிபல் ஏத்தினா வோல்டேஜ் 4 மடங்கு, பவர் கிட்டத்தட்ட 16 மடங்கு. பளபளப்பு வேணும்னு 10,000 ஹெர்ட்ஸ் ஸ்லைடரைக் கூரைக்குத் தள்ளினா, அந்தப் பட்டையோட 16 மடங்கு பவர் ஸ்பீக்கர்ல இருக்குற சின்ன ட்வீட்டர் தலையில இறங்குது. தலைமுடி மாதிரி கம்பிச் சுருள் அது. நான் ஒரு ஜோடியில வலது பக்கத்தை இப்படித்தான் சமாதி ஆக்கினேன். புகை, நாத்தம் ஒண்ணும் வரல. மறுநாள் காலையில வலது பக்கம் போர்வைக்குள்ள பேசற மாதிரி இருந்துது, அவ்வளவுதான். அப்பவும் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ட்ரெபிளை இன்னும் கொஞ்சம் ஏத்தினேன்.

ஸ்பீக்கர் போனா வாங்கிக்கலாம். எனக்கு நிஜமாவே கோவம் வர்றது அடுத்த மேட்டருக்கு.

இணையத்துல எந்த மூலைக்குப் போனாலும் ஒரு அறிவுரை இருக்கும். "ஒரு பட்டையை ஊசி மாதிரி ஒடுக்கு, 15 டெசிபல் ஏத்து, அப்படியே கீழேர்ந்து மேல வரைக்கும் ஓட்டு, எங்க அசிங்கமா கேக்குதோ அங்க வெட்டு." இதை ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு பண்ணச் சொல்றாங்க, படுபாவிங்க. 15 டெசிபல்னா அந்தப் பட்டையில 30 மடங்குக்கு மேல பவர். அதுவும் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் போகும்போது, நம்ம காதுக் குழாயே இயல்பா அந்த இடத்தைத் தூக்கிக் குடுக்கும். இதை நானும் பண்ணிருக்கேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி நேரம், ஒரே நாலு நிமிஷ ஆடியோவை வெச்சுக்கிட்டு ஓட்டி ஓட்டித் தேடினேன். கழட்டினதும் இடது காதுல 'ஙொய்ய்'னு ஒரு சத்தம். தூங்கி எழுந்தா போயிடும்னு பார்த்தா திங்கக்கிழமை ஆபீஸ் மீட்டிங்லயும் கூடவே வந்து உக்காந்துது. நாலு நாள் இருந்துது. அந்த நாலு நாளும் எனக்குப் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு இது: பெரியவங்களுக்கு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் பரவாயில்ல. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக் குறையும். 90 போனா வாரத்துக்கு 4 மணி நேரம். 95 போனா ஒண்ணேகால் மணிதான். நான் ஒரே ராத்திரியில மொத்த வாரத்துக் கோட்டாவையும் தின்னுட்டேன் போல. இரைச்சலால காது கெடும்போது பெரும்பாலும் முதல்ல அடிவாங்கறது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். ஆடியோகிராம்ல அங்க ஒரு பள்ளம் தெரியும். இப்போ யோசிங்க. அந்த இடத்துல காது மந்தமானவருக்கு எல்லா ஆடியோவும் மங்கலாத்தான் கேக்கும். உடனே 4,000-ஐ ஏத்துவார். இன்னும் கெடும். இன்னும் ஏத்துவார். இன்ஃபினிட் லூப்.

இத்தனைக்கும் அந்தத் தேடல் முறையே உருப்படி இல்ல. எந்தப் பட்டையை 15 டெசிபல் ஏத்தினாலும் அது அசிங்கமாத்தான் கேக்கும். அதை நம்பி ஏழு இடத்துல வெட்டினா, கடைசியில குரல் சளி பிடிச்ச மாதிரி வரும்.

"பெரிய பெரிய இஞ்சினியர்களே ஏத்தறாங்களே?"ன்னு ஒரு அண்ணாச்சி வருவார், தெரியும். ஏத்தறாங்க. 1950-களோட புல்டெக் மாதிரி பெட்டிகளுக்கு அதுக்குன்னே ரசிகர் மன்றம் உண்டு. ஆனா அவங்க உக்காந்திருக்கற ரூம் வேற. நம்ம ரூம் எப்படி? பத்துக்குப் பத்து பெட்ரூம், உயரமும் பத்தடி. ஒலி எதிரெதிர் சுவர்ல மோதித் திரும்புறதுல முதல் அதிர்வு சுமார் 56 ஹெர்ட்ஸ்ல வரும், அடுத்தது 113. நீளம், அகலம், உயரம் மூணும் ஒண்ணா இருக்கறதால மூணும் ஒரே இடத்துல சேர்ந்து கும்மியடிக்கும். ஆம்பளைக் குரலோட அடிநாதம் பொதுவா 100 ஹெர்ட்ஸை ஒட்டித்தான். கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி ஆடியோ வர்றதுக்கு இதான் காரணம், உங்க மைக் இல்ல. சில இடத்துல நேர் அலையும் திரும்பி வர்ற அலையும் ஒண்ணை ஒண்ணு அடிச்சு, பாஸே இல்லாம போகும். அங்க ஈக்வலைசர்ல எவ்வளவு ஏத்தினாலும் நேர் அலை கூடுற அதே அளவுக்குத் திரும்புற அலையும் கூடும். பள்ளம் பள்ளமாவே இருக்கும், ஆம்ப் மட்டும் மூச்சு வாங்கும். நாற்காலியை ரெண்டடி நகர்த்தினா தீர்ற விஷயம் இது.

அடுத்து 'ஙும்' சத்தம். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால 50, 100, 150-ல உறுமல் வரும். ஈக்வலைசர்ல மூணு இடத்துல வெட்டறவர் பாவம், அப்பாவி. ஆபத்தானவர் இன்னொருத்தர். அவர் சொல்ற வைத்தியம், "எர்த் பின்னை உடைச்சுடு பாஸ், சத்தம் நின்னுடும்." நிக்கும். சத்தம் மட்டுமில்ல, சமயத்துல ஆளே நிக்கலாம்.

மெட்டல் பெட்டி, மெட்டல் மைக், வாய்க்குப் பக்கத்துல. கம்ப்யூட்டர் பவர் சப்ளையில இருக்கற ஃபில்டர் கெப்பாசிட்டர்கள், எர்த் இல்லேன்னா பெட்டியைப் பாதி மெயின்ஸ் வோல்டேஜுக்கு மிதக்க விடும். உதட்டுல சுருக்குன்னு கிள்ளும் பாருங்க, அது இதான். கரண்ட் கொஞ்சமா இருக்கறதால கிள்ளலோட போகுது. உள்ளே ஒரு வயர் தேய்ஞ்சு பெட்டியைத் தொட்டுடுச்சுன்னா? எர்த் இருந்தா ஃப்யூஸோ ஆர்சிசிபியோ உடனே விழும். இல்லேன்னா, பெட்டியைத் தொடற மனுஷன்தான் எர்த். உறுமல் வந்தா எல்லாப் பெட்டியையும் ஒரே சாக்கெட்லேர்ந்து எடுங்க, லேப்டாப்பை பேட்டரியில ஓட்டிப் பாருங்க, பேலன்ஸ்டு கேபிள் போடுங்க, அப்பவும் போகலேன்னா ஆடியோ லைன்ல ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைங்க. வீட்டு எர்த்திங்கை ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க. பின்னை மட்டும் தொடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

வெளிநாட்டு மச்சான் கொண்டுவந்த செகண்ட் ஹேண்ட் பெட்டின்னா, ப்ளக் செருகறதுக்கு முன்னாடி பின்பக்கம் 115-230 ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க. இல்லாம 115 மட்டும்னு போட்டிருந்தா செருகவே செருகாதீங்க.

மத்தபடி பெரிய வித்தை ஒண்ணுமில்ல. மைக்கை நேரா ஈக்வலைசர்ல செருகக் கூடாது, ப்ரீஆம்ப் தாண்டித்தான். எல்லா ஸ்லைடரும் நடுவுல, ஸ்பீக்கர் வால்யூம் கீழ. ஆன் பண்ணும்போது ஸ்பீக்கர் கடைசி, ஆஃப் பண்ணும்போது ஸ்பீக்கர் முதல். ரெக்கார்டிங்கைப் பச்சையா, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாம எடுத்து வைங்க. ஈக்வலைசரை அப்புறம் போடலாம், வேணாம்னா எடுத்துடலாம். அதோடவே பதிஞ்சுட்டா போச்சு, அண்டூ கிடையாது. குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ கழிச்சுக் கட்டலாம். எது பண்ணினாலும் பைபாஸ் பட்டனைத் தட்டித் தட்டிக் கேளுங்க, ஆனா ரெண்டு பக்கமும் சத்த அளவு ஒண்ணா இருக்கணும். ஒரு டெசிபல் கூட இருந்தாலே "ஆஹா, நல்லா இருக்கு"ன்னு காது ஏமாந்துடும். பாதி பேரோட ஈக்வலைசர் ஞானம் இந்த ஒரு டெசிபல்லதான் ஓடிக்கிட்டிருக்கு.

நிற்க. போன் பண்ணின நண்பருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பல. துணி பீரோவைத் திறந்து வெச்சு, முதுகுக்குப் பின்னாடி ரெண்டு ரஜாயைத் தொங்கவிட்டு, மைக்குக்கு ஒரு ஜாண் தூரத்துல உக்காந்து படிக்கச் சொன்னேன். "இதுக்கா இஞ்சினியர்கிட்ட கேட்டேன்"னு திட்டிட்டு போனை வெச்சார். ஞாயித்துக்கிழமை ஃபைல் வந்துது. 113 ஹெர்ட்ஸ்ல மட்டும் லேசா கும்முனுச்சு, 3 டெசிபல் இறக்கினேன். வேற எதையும் தொடல.