கூலிக்காரன் பிள்ளைக்குச் சித்திரம் எதற்கு?

"கலை பிறவியிலேயே வரவேண்டும், சொல்லிக் கொடுத்து வருவதில்லை" என்று ஒரு பேச்சு நாட்டில் உலவுகிறது. மேடையில் பேசுகிறவர் சொல்கிறார். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க வரும் பெரிய மனிதர் சொல்கிறார். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நாமும் சொல்கிறோம். கேட்பதற்கு இது கலைஞனுக்குச் செய்யும் மரியாதை போலத் தோன்றும். ஆனால் இந்தப் பேச்சு ஒரு கணக்கை மூடி மறைக்கிறது. அவன் கலை கற்றுக்கொண்ட அந்த ஐந்தாறு ஆண்டுகள் அவனுக்குச் சோறு போட்டது யார் என்பதே அந்தக் கணக்கு. டிக்கெட் கவுண்டரில் சில்லறை எண்ணியே வயதாகிவிட்ட எனக்கு இப்படித்தான் யோசிக்க வருகிறது. தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வரதய்யபாளையத்திலும் சத்தியவேட்டிலும் வாடகைக்குக் குடியிருக்கும் நம் குடும்பங்களைப் பாருங்கள். செய்யாறு, வந்தவாசி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்தவர்கள். ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். வீட்டுக்காரர் வெள்ளையடித்த சுவரில் பையன் கரியால் குதிரை வரைந்துவிட்டால் அன்றைக்கு அவனுக்கு அடி நிச்சயம். பெண் பிள்ளை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பூவும் கொடியும் போட்டு நிரப்பினால், "இது சோறு போடுமா?" என்று தாய் கேட்கிறாள். அந்தக் கேள்வி தவறு என்று நான் சொல்லமாட்டேன். பத்து மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவருக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் கேட்ட கேள்விக்கு விடை தேடாமல் விட்டுவிடுகிறோமே, அதுதான் எனக்குச் சம்மதமில்லை. விடை தூரத்தில் இல்லை. பக்கத்துக் காளத்தியிலேயே இருக்கிறது.

காளத்தியின் கலம்காரித் துணியைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. கோயில் திரைச்சீலையாக, தேர்த் தொங்கலாக, இராமாயண பாரதக் கதைகளைக் கட்டம் கட்டமாக எழுதிய துணி அது. 'எழுதிய' என்றே சொல்ல வேண்டும். மசூலிப்பட்டினம் பக்கத்தில் மர அச்சால் பதிக்கிறார்கள். காளத்தியிலோ எல்லாம் மூங்கில் பேனாதான். காடாத்துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைக்கிறார்கள். பாலின் கொழுப்பு சாயத்தைக் கசியவிடாமல் தடுக்கும். சுட்ட புளியங்குச்சிக் கரியால் உருவம் போடுகிறார்கள். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரில் பல நாள் ஊறிப் புளித்த நீரே கறுப்பு மை. கடுக்காய் ஏறிய துணியில் பட்டவுடன் அது கன்னங்கரேல் என்று ஆகிவிடும். (கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய அந்தக் காலத்துக் குமாஸ்தாக்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். நாங்களும் ஒரு வகையில் கலம்காரிக்காரர்கள்!) சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டி, பிறகு சாயத்தில் கொதிக்கவைக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் இடையில் ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். இதற்குச் சொர்ணமுகி ஆறு துணை நின்றது. ஒரு பெரிய துணி முடிய வாரங்கள் ஆகும்; மாதமும் ஆகலாம்.

சோழமண்டலக் கரையின் இத்தகைய வண்ணத்துணிகளுக்கு ஐரோப்பாவே ஒரு காலத்தில் மயங்கிக் கிடந்தது. உள்நாட்டு நெசவு படுத்துவிடுமென்று அஞ்சி 1686இல் பிரான்சு தடை போட்டது. 1700இல் இங்கிலாந்து சட்டம் போட்டது. பின்னால் அங்கே இயந்திர அச்சு வந்தது, இங்கே கைகள் ஓய்ந்தன. கோயிலையும் ஜமீனையும் நம்பியிருந்த காளத்திச் சித்திரக்காரர்களும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வேறு வேலை தேடிப் போக வேண்டியதாயிற்று. பிறவிக் கலை என்றால் அது ஏன் ஓய வேண்டும்? கைகளில் திறமை வற்றிவிடவில்லை. வாங்குகிறவன் போய்விட்டான், அவ்வளவுதான்.

அதை மீட்ட கதையைக் கவனியுங்கள். அகில இந்தியக் கைவினை வாரியத்தில் இருந்த கமலாதேவி சட்டோபாத்யாயா முயன்றதால் 1950களின் கடைசியில் காளத்தியில் ஒரு பயிற்சிக் கூடம் தொடங்கியது. தொழில் தெரிந்த முதியவர்களில் ஒருவரான ஜொன்னலகட்டா லட்சுமையா அங்கே ஆசிரியரானார். அவருடைய மகன் குரப்பச் செட்டி அவரிடம் பயின்றவர். மகன் தகப்பனிடம் கற்றது குலவழிதானே என்று கேட்பீர்கள். ஆனால் கூடம் என்று ஒன்று வந்திராவிட்டால் தகப்பனின் கைவேலை மகனுக்கு எட்டியிருக்குமா என்பது சந்தேகமே. குரப்பச் செட்டி பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்தவர். முதல் தேதியானால் வரும் ஒரு சம்பளம் வீட்டில் அடுப்பை எரியவைத்தது. பேனா துணியில் நின்று நிதானமாக ஓடியது. 1976இல் தேசிய விருது, 2008இல் பத்மஸ்ரீ. விருதுச் செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஆசிரியர் சம்பளத்தைப் பற்றி யாரும் தலைப்புப் போடவில்லை.

தெலுங்கர் கதை நமக்கெதற்கு என்று சிலர் முணுமுணுக்கலாம். 1960 ஏப்ரலில் எல்லையை மாற்றினார்கள். திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்கு வந்தது. அன்று மாறியது தாசில்தார் கச்சேரி. சித்திரம் எழுதுகிற கைக்குத் தமிழ், தெலுங்கு என்ற பேதம் கிடையாது. பிழைக்க வந்த இடத்தில் இந்த மண்ணின் கைத்தொழிலை நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டால், அதைவிட நல்ல குடியுரிமைச் சீட்டு வேறென்ன வேண்டும்?

தடாவில் ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் சென்னை. அங்கிருந்து தெற்கே கடற்கரையோடு போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் ஓவியர் கிராமம். அதை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயமுத்தூரில் பிறந்தவர். தகப்பனார் காலமானதும் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டுத் தந்தி இலாகாவிலும் பிறகு இன்சூரன்சிலும் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கினார். ஓவியப் பள்ளியில் சேரும்போது வயது இருபத்தைந்து! நம் வீடுகளில் இருபத்தைந்து வயதுப் பையன் படம் போடப் படிக்கிறேன் என்றால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பின்னாளில் அதே பள்ளிக்கு அவர் முதல்வரானார்.

முதல்வரான பிறகு அவர் கண்டது, படித்து வெளியே போகும் இளைஞர்கள் பிழைப்புக்காக ஏதேதோ வேலையில் கரைந்து போவதை. ஓவியம் வாங்க ஆளில்லை. அவரும் மாணவர்களும் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். மெழுகுச் சாயம் போட்ட பத்திக் துணிகளைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கி 1966இல் குடியேறினார்கள். பகலில் சில மணி நேரம் விலைபோகும் கைவேலை, மிச்ச நேரம் தன் மனம் சொல்லும் ஓவியம். சேனாதிபதி, நந்தகோபால், எஸ்.ஜி. வாசுதேவ், கோபிநாத், ஜெயபால பணிக்கர் என்று தமிழும் மலையாளமும் கன்னடமும் பேசுகிற கைகள் அங்கே ஒன்று சேர்ந்தன. ஜமீன்தார் கொடுக்கவில்லை, கம்பெனி முதலாளி கொடுக்கவில்லை, கூட்டுறவு கொடுத்தது. தொழிற்சங்கம் நடத்துகிற நாம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடத்தை ஓவியர்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்னை வரை போகிறவர்கள் மெரினாவில் உழைப்பாளர் சிலையையும் நின்று பார்க்க வேண்டும். பணிக்கருக்கு முன்பு அந்த ஓவியப் பள்ளிக்கு முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி வடித்தது, 1959இல் திறக்கப்பட்டது. பாறையை நெம்பும் அந்த நால்வரின் உடம்பிலும் உள்ள நரம்பைப் பாருங்கள். அதற்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் பள்ளியின் காவலாளி என்று சொல்வார்கள். உழைப்பாளி சிலைக்கு மாதிரியாக நிற்கலாம்; அவன் மகன் சிற்பியாக மட்டும் ஆகக் கூடாதா?

ஆகியிருக்கிறான், ஆனால் பெயர் இல்லாமல். நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து, நடுவில் அர்ச்சுனன் தபசு மரம், கடைசி நாள் படுகளம். அந்தப் படுகளத்துக்கு மல்லாந்து கிடக்கும் துரியோதனனை மண்ணால் செய்கிறார்களே, ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளம். மீசையும் கண்ணும் பார்த்தால் குழந்தைகள் அலறும். அதைச் செய்த கை எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. அன்று மாலையே உருவம் சிதைந்து மண்ணோடு மண்ணாகிவிடும். செய்தவர் மறுநாள் கழனி வேலைக்குப் போய்விடுவார். அவரைச் சிற்பி என்று எந்தக் கெஜட்டும் எழுதவில்லை.

நம்மில் பலருடைய சொந்த ஊர்ப் பக்கம் புரிசை இருக்கிறது. அங்கே பரம்பரையாகக் கூத்தாடிய குடும்பத்தில் வந்தவர் கண்ணப்பத் தம்பிரான். 'கூத்தாடி' என்பது நம் ஊரில் வசவுச் சொல், இன்றும் அப்படியே. 1977இல் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அதன் நடிகர்கள் அந்தக் கூத்தாடியிடம் அடவு கற்றுக்கொண்டார்கள். ஊரில் வசவு, பட்டணத்தில் ஆசான்! நம் பிள்ளைகளுக்கு நாம் எதைச் சொல்லி வளர்க்கிறோம் என்பதைத் தாய்மார்களும் யோசிக்க வேண்டும்.

தாய்மார்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. காளத்தியில் இப்போது துணி மேல் குனிந்திருக்கும் கைகளில் ஏராளமானவை பெண்களுடையவை. பெங்களூர் அனிதா ரெட்டியின் 'துவாரகா' அமைப்பு வறிய குடும்பத்துப் பெண்களைச் சேர்த்து வேலை கொடுத்தது. கலம்காரி குலத்தில் பிறவாத பெண்களும் கற்றுக்கொண்டார்கள். 'பிறவிக் கலை' வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இதில் எல்லாம் இனிப்பு என்று நான் பொய் சொல்லமாட்டேன். காளத்திக் கலம்காரிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தும் திரை அச்சில் தள்ளிய துணியைக் 'கலம்காரி' என்று கடையில் விற்கிறார்கள். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. வியாபாரி வைக்கும் விலைக்கும் எழுதியவருக்குப் போகும் கூலிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை நம்மைப் போன்ற கூலிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. கலை கற்றால் மட்டும் போதாது, கற்றவர் சங்கமாகவும் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

எங்கள் இரயில்வேயில் கலைப் பிரிவு ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. பாட்டு, வாத்தியம், நாட்டியம், நாடகம் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணும் அளவில் எடுக்கிறார்கள். அதற்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் சான்றிதழ் கேட்பார்கள். விடிய விடிய வேஷம் கட்டிய கூத்துக்காரர் மகனிடம் சலங்கை இருக்கும், சான்றிதழுக்கு எங்கே போவான்? இதை எழுதிக் கேட்க வேண்டியது சங்கங்களின் வேலை. அதுவரை, சான்றிதழ் கிடைக்கும் இடத்தையாவது நம் பிள்ளைகளுக்குக் காட்டலாம். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பாரம்பரியச் சிற்பக் கலைப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கல், சுதை, உலோகம், மரம், சித்திரம் ஆகியவற்றோடு கலம்காரியும் அங்கே சொல்லித் தருகிறார்கள். பத்தாவது தேறியவர்கள் மனுப் போடலாம். சேர்க்கை விதிகளை நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி இருக்கிறது. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பத்தாவது முடித்தவுடன் பையனைக் காண்டிராக்டரிடம் கொண்டுபோய் விடுவதற்கு முன் ஒரு நாள் லீவு போட்டு இவற்றில் ஒன்றையாவது அவனுக்குக் காட்டிவிட்டு வாருங்கள்.

சங்கத்துக்கு நான் வைக்கும் கோரிக்கை இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை நம் கூடம் பூட்டியே கிடக்கிறது. அதைத் திறந்து, தாளும் சாயமும் வாங்கிப் போட்டு, காளத்தியிலிருந்து தொழில் தெரிந்த ஒருவரை மாதம் இரண்டு முறை அழைக்க வேண்டும். வருகிறவருக்கு வெற்றிலைப் பாக்கும் சால்வையும் கொடுத்து அனுப்புகிற வழக்கம் வேண்டாம்; போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் கூலியும் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டாவது, பயிற்சிக்குப் போகும் பிள்ளையின் குடும்பத்துக்கு அவன் சம்பாதிக்காத மாதங்களுக்கு ஒரு சிறு தொகை. முதல் ஆண்டு ஒரே பிள்ளைக்குக் கொடுத்தாலும் போதும். தலைக்கு மாதம் பத்து ரூபாய் கூடுதல் சந்தா என்பது என் கணக்கு. ரசீதுப் புத்தகத்தில் இதற்கென்று தனிப் பத்தி அடித்துத் தரும்படி பொருளாளரிடம் கேட்டிருக்கிறேன். ஆட்சேபம் உள்ள தோழர்கள் அடுத்த பொதுக்குழுவுக்கு முன் எழுத்தில் கொடுக்கட்டும், அங்கே பேசிக்கொள்வோம்.